வெண்கரைத் துவைகல்

வெண்கரை ஏரியின் துவைகல் கண் திறந்தது காப்புக்கட்டுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில். ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, திருவிழாவுக்காகப் போர்வை, ஜமுக்காளம், தலையணை உறை, திரைச்சீலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கரையில் குவித்திருந்த நேரம் அது. அவ்வளவு வேலை கிடந்ததால் பயப்பட யாருக்கும் ஒழியவில்லை. ஏலாக்குறிச்சியா என்பவள் மட்டும், "ஐயோ பாவம், கண்ணுல சோப்பு கெடக்குதே, எரியுமே" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டாள். கண் அவளைப் பார்த்து ஒருமுறை மூடித் திறந்தது. "எரியலையா? சரி" என்று சொல்லிவிட்டு அவள் தன் போர்வையை அலசப் போய்விட்டாள்.

அந்தக் கல்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கயிற்றுக் கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலம். ஒருபக்கம் பரந்து, மறுபக்கம் மழுங்கின மூக்காகக் குறுகும். மேலே தட்டை, தட்டை முழுக்க நெளிநெளியாக வரி, அழுக்கு எடுக்க அதைவிட நல்ல கல் அந்தச் சீமையிலேயே கிடையாது. மேல்பக்கம் இரண்டு குழி. வலது குழியில் சோப்பு வைப்பார்கள், இடது குழியில் நீலம் கரைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில், சற்றுப் பின்னால், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை உண்டு. அதில் யாரும் சோப்பும் வைக்கமாட்டார்கள், நீலமும் ஊற்றமாட்டார்கள். அதற்குப் பேர்க்குழி என்று பெயர்.

வெண்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணை அவள் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. செந்துறையிலிருந்து வந்தால் செந்துறையா, ஏலாக்குறிச்சியிலிருந்து வந்தால் ஏலாக்குறிச்சியா. மாமியார், கொழுந்தன், கடைக்காரர், கண்டக்டர், எல்லாருக்கும் அதுதான் பெயர். புருஷன்மார் இன்னும் சிக்கனம், "இந்தா" என்பதோடு சரி. ஆகவே புதுப்பெண் வந்த மூன்றாம் நாள், மற்றப் பெண்கள் அவளை ஏரிக்கு அழைத்துப்போய், கல்லுக்கு மஞ்சள் பூசச் சொல்லி, குனிந்து அந்தத் துளையில் அவள் பெயரை ஒரேயொரு தடவை சொல்லிவிட்டு நிமிரச் சொல்வார்கள். "கல்லு வெச்சிருக்கும், நீ கவலப்படாத" என்பார்கள். பேங்க்கில் லாக்கர் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. ஆனால் திறந்து எடுக்க வந்தவள் என்று ஒருத்தியும் கிடையாது.

எல்லாரும் சொன்னார்கள், ஒருத்தியைத் தவிர. திருமழபாடியிலிருந்து வந்ததால் மழபாடியா ஆனவள் அவள். கதை அவளைப் பற்றியதுதான். புதுப்பெண்ணாகக் கல்லின்மேல் குனிந்தபோது அவளுக்குச் சுருக்கென்று ஒரு கோபம் வந்தது. என் அப்பா வைத்த பெயரை நான் எதற்கு ஒரு பொந்துக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்தாள். உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, பெயரை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள். யாருக்கும் தெரியாது. பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொஞ்ச நாள் உள்ளுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது. ஆனால் விழுங்கிய பெயரை வெளியே எடுத்துப் புழங்க ஒரு வாய் வேண்டுமே, அது அந்த ஊரில் கிடைக்கவில்லை. பெண் பிறந்து, அவள் படித்து, கட்டிக்கொடுத்து அனுப்பி, இவளுக்கு முன்நெற்றி நரைக்கத் தொடங்கியபோது, ஆதார் அட்டையில் இருக்கும் அந்தப் பெயர் வேறு யாரோ ஒரு பொம்பளையுடையது போல இவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

சரி, கல்லுக்கு வருவோம். கண்ணைத் திறந்த கல், தன் தலைமேல் கிடந்த துணிகளை எடுக்கும்வரை பொறுமையாக இருந்தது. பிறகு பின்னாலிருந்த சேறு குமிழியிட்டுக் குமிழியிட்டுப் பிளந்தது. டிப்பர் லாரி நீளத்துக்கு ஒரு முதுகும், குட்டைக் குட்டையாக நாலு காலும், படகுத் துடுப்பு மாதிரி ஒரு வாலும் வெளியே வந்தன. ஈரச் சாக்கின் நிறம். அது ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சில் வெகுகாலத்துக்கு முந்தைய மழையின் மணம் வந்தது. ஏன் எழுந்தது என்று ஊர் அதிக நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏரிக்கு மேற்கே கம்பெனிக்காரன் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிய பள்ளம் ஏரியைவிட ஆழமாகிவிட்டது. ஏரித்தண்ணீர் ஊறி ஊறி அதற்குள் இறங்கியது. இறங்கியதை மோட்டார் வைத்து இறைத்து எங்கோ ஓடையில் விட்டார்கள். என்றைக்கும் பாதி நனைந்தே கிடந்த கல் அந்த வருஷம் முதன்முதலாகக் காய்ந்தது. தாகம் எடுத்தால் யார்தான் எழுந்திருக்கமாட்டார்கள் என்று பெண்கள் சொன்னார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காப்புக்கட்டுக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பழகவேண்டிய கட்டாயமும் இருந்தது, ஏனென்றால் துவைக்க வேறு கல் இல்லை. முன்பு தலையில் மட்டும் துவைத்தவர்கள் இப்போது முதுகெல்லாம் வரிசையாக உட்கார்ந்து துவைத்தார்கள். கெட்டி அழுக்கு என்றால் அது முதுகை ஒரு சாண் தூக்கிக் கொடுக்கும். ஜிலேபிக் கெண்டையை முழுசு முழுசாக விழுங்கும், மிஞ்சின இட்லி போட்டாலும் தின்னும், ஒருமுறை ஊராட்சி மன்றத் தலைவர் வீட்டு ரப்பர் செருப்பையும் தின்றுவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருந்தது. வாயைத் திறக்கும்போது நம்மைப்போலக் கீழ்த்தாடையை இறக்காது. சட்டிக்கு மூடியைத் தூக்குவது மாதிரி மேல்தலையைத் தூக்கும். பேருக்கு ஒரு பேர் வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. "கல்லு சாப்புட்டுச்சா?" என்றுதான் கடைசிவரை விசாரித்தார்கள். டவுனிலிருந்து மினிபஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள், கரையில் பஜ்ஜிக்கடை வந்தது. பூசாரி ஒருவர் மாலையும் உண்டியலும் எடுத்துக்கொண்டு வந்து, இது சாதாரணப் பிராணி அல்ல, அம்மன் அம்சம், இனிமேல் பெண்கள் தீட்டோடு கிட்டே வரக்கூடாது என்று தொடங்கினார்.

"யோவ், எங்க தீட்டுத் துணியெல்லாம் அது தலையிலதான் அடிச்சு வெளுத்தோம், நேத்து இல்ல, உங்க ஆத்தா காலத்துலேருந்து" என்றாள் மழபாடியா. "அப்ப எல்லாம் வாயத் தொறக்காத கல்லு இப்ப உம்மகிட்ட வந்து தீட்டுன்னு சொல்லிச்சா?"

பூசாரி உண்டியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உயர்நிலைப் பள்ளியிலிருந்து பெரிய டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து, கல்லின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு படத்தோடு ஒத்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது இருவது கோடி வருஷத்துக்கு முந்தி வாழ்ந்த இனம்" என்றார். "நிலத்துலயும் இருக்கும், தண்ணியிலயும் இருக்கும். தவளைங்களோட பழைய வம்சம்னு வெச்சுக்குங்களேன். பூண்டோட அழிஞ்சிடுச்சு. மண்டையோடு மட்டும் கல்லாயி அங்கங்க கெடைக்குது. உலகத்துல இப்ப ஒண்ணுகூட உசுரோட இல்ல."

"ஒண்ணுகூட இல்லன்னு எண்ணிப் பாத்துதான் சொன்னாங்களா டீச்சர்?" என்று கேட்டாள் மழபாடியா.

டீச்சர் நல்ல மனுஷி, யோசித்துதான் பதில் சொன்னார். "நம்ம ஏரிக்கு வந்து யாரும் எண்ணலம்மா."

அழிந்துபோனது என்று உலகம் எழுதி முடித்த ஒன்று, அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், வாலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு இட்லி தின்கிறதே என்று பார்க்கப் பார்க்க மழபாடியாவுக்கு மனசுக்குள் என்னவோ நிமிர்ந்தது. துவைக்க ஒன்றும் இல்லாத நாளில்கூடத் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

ஆனால் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நடு ஏரியிலேயே இடுப்பளவு முழங்காலாகி, முழங்கால் கணுக்காலாகி, கல்லின் முதுகு வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கியது. அது தோலாலும் மூச்சு விடவேண்டுமாம், டீச்சர் சொன்னார். தோல் காய்ந்தால் பிழைக்காது. அதற்குப்பிறகு வெண்கரையில், குடிக்கவே குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்த அந்தக் கோடையில், வீட்டுக்கு ஒரு குடம் கல்லுக்கு என்று ஆனது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒருத்தி ஊற்றினாள், பார்த்தவள் ஊற்றினாள். பருத்திப் புடவை ஈரம் தாங்கும் என்பதால், வீட்டிலிருந்த பழைய நூல் புடவைகளையெல்லாம் நனைத்து அதன் முதுகில் போர்த்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரிக்குள் யாரோ ஒரு தடித்த அம்மாள் பல நிறத்தில் உடுத்திக்கொண்டு குப்புறப் படுத்திருப்பது போல இருக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பள்ளத்துக்குள் மோட்டார் ஓட்டி அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறவன் கலியபெருமாள். மழபாடியாவின் புருஷன். கெட்டவன் இல்லை, குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான், கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டான், அவ்வளவுதான். காலையில் இவள் ஒரு குடம் ஊற்றுவாள், பகல் முழுக்க அவன் ஆயிரம் குடம் உறிஞ்சுவான், சாயங்காலம் இவள் போடும் சோற்றுக்கு முன்னால் உட்காருவான். ஒருநாள் அவள் சோறு போடாமல் நின்றாள்.

"மோட்டார நிறுத்துங்க."

"என்னா பேசுற நீ? நான் ஓட்டலன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"அந்த வேற ஒருத்தன் எம் புருஷன் இல்ல. அவன் ஓட்டட்டும், அவன எப்புடித் திட்டணும்னு எனக்குத் தெரியும். உங்களத் திட்ட எனக்கு நாக்கு கூசுது."

"இந்தா, ஒரு கல்லுக்காக வீட்டுல சண்டையா?"

"இந்தா இந்தான்னு எத்தன வருஷமா எதத்தான் நீட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அவள். அவனுக்கு அது புரியவில்லை. தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் அதிகாரிகள் வந்தார்கள். வனத்துறையிலிருந்து வந்தவர் கல்லை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, "எங்க பட்டியல்ல இப்படி ஒரு மிருகம் இல்ல. இல்லாத மிருகத்த நாங்க எப்படிக் காப்பாத்துறது?" என்று கேட்டார். கனிமத்துறைக்காரர், "கல்லுன்னா எங்களுதுதான், ஆனா இது மூச்சு விடுதே" என்று தயங்கினார். கல்லாக இருந்தால் உயிர் இருக்கக்கூடாது, உயிராக இருந்தால் அழிந்திருக்கக்கூடாது, இரண்டிலும் சேராததால் அது யாருடைய பொறுப்பும் இல்லை என்று பேசிமுடித்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். கம்பெனிக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஏரிக்கு அடியில்தான் முதல்தரமான சுண்ணாம்புக்கல் இருக்கிறதாம். தண்ணீர் இல்லாத, யாரும் பயன்படுத்தாத ஏரியைத் தோண்ட ஆட்சேபம் இல்லை என்று ஊராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டுக் கொடுத்திருந்தது. குறுக்கே கிடப்பது இது ஒன்றுதான்.

கம்பெனி மேனேஜர் மரியாதைக்காரர். கரைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். "அம்மா, உங்க கல்ல நாங்க ஒண்ணும் பண்ணமாட்டோம். சென்னையில பெரிய கண்ணாடித் தொட்டி கட்டி, ஏசி போட்டு, ராணி மாதிரி வெச்சுக்கறோம்."

"ஏசியில துணி காயுமா சார்?" என்று கேட்டாள் ஏலாக்குறிச்சியா. மேனேஜர் சிரித்தார், ஆனால் கிரேன் வருவது நிற்கவில்லை.

அந்தத் தீர்மானத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெண்கரை ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கியது, ஆகவே தலைவர் செந்துறையா. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், வெள்ளை வேட்டியில் கூட்டம் நடத்தியதும், கையெழுத்துப் போட்டதும் அவள் புருஷன் சாம்பசிவம். ஊரும் அவரைத்தான் தலைவர் என்று கூப்பிட்டது. ரப்பர் செருப்பு இழந்தவர் அவர்தான். செந்துறையா வீட்டில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

கிரேன் வந்தது ஒரு காலைவேளையில், வெயில் ஏறும்போது. கூடவே நீளமான டிரெயிலர், அகல அகலமான பெல்ட்டுகள், மேனேஜர், சாம்பசிவம், ஒரு வேன் நிறையப் போலீஸ். ஏரியில் அப்போது ஒரு குட்டைதான் மிச்சம். கல் அதில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதைச் சுற்றி ஊர்ப் பெண்கள் அத்தனைபேரும் ஈரத்துணிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல் கரைமேல் புளியமரத்தடியில் நின்று, என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இறங்கிவந்தார். இளவயது, களைத்த முகம். "எந்திரிச்சுப் போயிடுங்கம்மா. இல்லன்னா எல்லாரு மேலயும் கேசு போடவேண்டியிருக்கும்" என்றார். ஒருத்தியும் எழவில்லை. அவர் பேனாவை எடுத்தார். "சரி, பேரச் சொல்லுங்க."

"ஏலாக்குறிச்சியா."

"செந்துறையா."

"தூத்தூரா."

"நான் ஊரக் கேக்கல, பேரக் கேட்டேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் தெரியாமல் இல்லை. ஆனால் அத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில், புழங்காமல் கிடந்த ஒன்றைத் திடீரென்று எடுக்கச் சொன்னால் நாக்கு எங்கே தேடும்? சாம்பசிவம் கரைமேலிருந்து, "சொந்தப் பேரே தெரியாததுங்க மேடம், இதுங்க மேல கேசு போட்டு என்னா பண்ணப்போறீங்க, தூக்கி வேன்ல போடுங்க" என்று சிரித்தார்.

அப்போதுதான் கல் வாயைத் திறந்தது. சட்டி மூடியைத் தூக்குவதுபோல மெல்ல மேல்தலையைத் தூக்கியது. தகரக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல முதலில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து, பதினைந்து பதினாறு வயசுப் பெண்பிள்ளை ஒருத்தியின் கூச்சப்பட்ட மெல்லிய குரல், ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"பொன்னுருவி."

அந்தப் பெயரை உயிரோடிருக்கும் யாரும் கேட்டதில்லை. அடுத்து இன்னொரு குரல், "சீரங்காயி" என்றது. "பட்டத்தாள்." "குழந்தையம்மாள்." ஒவ்வொரு பெயரும் அதைச் சொன்னவளின் குரலிலேயே வந்தது, மஞ்சள் பூசிய கையோடு குனிந்து சொன்ன அந்த மூன்றாம் நாள் குரலில். கடைசி வரிசையிலிருந்து, உள்ளூரிலேயே பிறந்த ஒருத்தி, "குழந்தையம்மாளா? எங்க அப்பாயி மாமியா பேருல்ல அது" என்று எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல, "இருக்கா!" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் அவள் வழிவந்தவளோ, அவள் புடவையை வாங்கிக் கட்டியவளோ, யாரோ ஒருத்தி எழுந்து, "இருக்கா!" என்று சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டருக்கு வேலை தெளிவாக இருந்தது. பெயர் சொல்லப்படுகிறது, ஆள் இருப்பதாகப் பதில் வருகிறது, எழுதாமல் விட்டால் மேலே கேட்பார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதினார்.

"மருதாயி" என்றது கல்.

யாரும் எழவில்லை. மருதாயிக்குப் பெண்பிள்ளை கிடையாது. மழபாடியா தன் மாமியாரின் பெயர் அது என்று ஞாபகம் வந்து எழப்போனாள், அதற்குள் மேற்குக் கரையில், பள்ளத்தின் விளிம்பில், ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. மோட்டார்ச் சத்தத்துக்கு மேலே ஏதோ பெயர்கள் கேட்கிறதே என்று மோட்டாரை நிறுத்திவிட்டு ஏறிவந்திருந்தான் கலியபெருமாள். தன்னைப் பெறுவதற்கு முந்தைய அம்மாவின் குரலை, இருமல் வராத, பயந்த, சின்னப் பெண்ணின் குரலை, அவன் அன்றைக்குத்தான் கேட்டான். தொப்பியைக் கழற்றினான். அத்தனை ஆண்களுக்கு நடுவில், "இருக்கா" என்றான். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

பிறகு உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. ஏலாக்குறிச்சியா தன் குரலைக் கேட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அடியே, நானாடி அது!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "இருக்கேன்!" "இருக்கேன்!" என்று குட்டையைச் சுற்றிச் சத்தம் எழுந்துகொண்டே போனது. "தையல்நாயகி" என்றது கல். தவிட்டுக் கையோடு வந்திருந்த செந்துறையா எழுந்தாள்.

"இருக்கேன். ஊராட்சி மன்றத் தலைவர் தையல்நாயகி. போர்டுல எழுதியிருக்குதே, அந்த ஆளு நான்தான்." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ஏரியில தண்ணி இல்ல, ஆளு இல்லன்னு ஒரு தீர்மானம் குடுத்தாங்களே, அதுல உள்ள கையெழுத்து என்னுது இல்ல. எனக்கு எழுதத் தெரியும். நான் போடல."

"ஏய், உனக்கு என்னா தெரியும், உக்காருடி" என்றார் சாம்பசிவம்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள் தையல்நாயகி. "பொதுமக்கள்னா மரத்தடியில நில்லுங்க." புளியமரத்தடியில் யாரோ ஓர் ஆண் முதன்முதலாகச் சிரித்தான்.

கல் இன்னும் சில பெயர்களைச் சொன்னது. பிறகு நின்றுவிட்டது. வாயை மூடவில்லை. மேல்தலையைத் தூக்கியபடியே, அடுத்த பெயர் தொண்டையில் இல்லாமல், காத்துக்கொண்டிருந்தது. வெயில் அதன் வாய்க்குள் விழுந்தது. ஈரப் புடவைகள் காயத் தொடங்கின. ஓரத் தோல் வெடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "என்னா ஆச்சு? யாரு பேரு விட்டுப்போச்சு?" என்று பெண்கள் பதறினார்கள். மழபாடியாவுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு வீம்புக்கு விழுங்கிய ஒரு சொல், அதற்கு அப்புறம் வந்தவர்கள் அத்தனைபேரின் பெயரையும் மறித்துக்கொண்டு, ஒரு உயிரை வாய்பிளக்க வைத்து நிற்கிறது. கிரேன்காரன் இதுதான் சமயமென்று பெல்ட்டைத் தூக்கினான்.

அவள் எழுந்துபோனாள். குனிந்து அந்தத் துளையில் ரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் கணக்கு நேராகிவிடும். குனியப் போனாள். குனியவில்லை. பெயரை ஒளித்து வைப்பதற்கு அன்றைக்கே ஒப்பாதவள் இன்றைக்கு எதற்கு ஒப்பவேண்டும்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லின் தலைமேல் ஏறி நின்றாள். கிரேனுக்கும், வேனுக்கும், புளியமரத்துக்கும், மேற்குக் கரையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கும், அந்தப் பெரிய பள்ளத்துக்கும் சேர்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அழகம்மை! எம் பேரு அழகம்மை! திருமழபாடி ஆறுமுகம் மக அழகம்மை! இருக்கேன்!"

பள்ளம் அந்தப் பெயரை வாங்கி எதிரொலித்தது. கல் அவள் காலடியில் ஒருமுறை அதிர்ந்து, "அழகம்மை" என்று அவளுடைய இன்றைய குரலிலேயே, நரைத்த, கட்டின, கோபமான குரலிலேயே திருப்பிச் சொன்னது. பிறகு மிச்சமிருந்த பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, மூடியை மெல்ல இறக்கிவைத்தது. அவளைத் தலைமேலேயே சுமந்துகொண்டு குட்டையின் நடுவுக்கு நகர்ந்து, கிரேனின் கை எட்டாத இடத்தில் படுத்துவிட்டது. தலைவர் தையல்நாயகியே அந்தத் தீர்மானம் தன்னுடையது இல்லையென்று சொன்னபிறகு என்ன செய்வதென்று மேனேஜருக்குத் தெரியவில்லை. அவர் செருப்பைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது.

கேஸ் என்னவோ போட்டுவிட்டார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்தது என்று, அன்றைக்கு எழுதிய அத்தனை பெயர்கள்மீதும். அதில் பாதிக்குமேல் செத்துப்போனவர்கள் என்பதைக் கோர்ட்டுக்குப் போனபிறகுதான் கண்டுபிடித்தார்கள். வழக்கு முடியும்வரை ஏரியிலும் பக்கத்துப் பள்ளத்திலும் யாரும் கைவைக்கக்கூடாது, மோட்டாரும் ஓடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் எல்லாரையும் விசாரிக்காமல் வழக்கு முடியாது. இறந்தவர்களை நீக்கலாம் என்றால், அவர்கள் இருப்பதாக ஒவ்வொரு வாய்தாவிலும் பதில் வருகிறது. "செத்தவங்க எப்படிம்மா ஆஜராக முடியும்?" என்று நீதிபதியே ஒருமுறை கேட்டார்.

"அழிஞ்சே போச்சுன்னு எழுதிவெச்ச கல்லே எந்திரிச்சு உக்காந்து இட்லி திங்குதுங்க ஐயா" என்றாள் அழகம்மை. "எங்க மாமியாருங்க இங்க வரைக்கும் வரமாட்டாங்களா?"

வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு மழை பெய்து ஏரி இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. கிரேன் விட்டுப்போன பெல்ட்டுகளைப் புளியமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் குறுக்கே கட்டிப் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள், ஜமுக்காளம் போட்டாலும் தொய்வதில்லை. கலியபெருமாளுக்கு வேலை போய்விட்டது. பஜ்ஜிக்கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறான், மஞ்சள் தொப்பி அங்கேயும் தலையில்தான். "இந்தா" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "அழகம்ம" என்று மாற்றிக்கொள்கிறான். பாதி நாள் மறந்துவிடுகிறான், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை, மறுபடி கூப்பிடுகிறான்.

வாய்தா நாளில் ஊர்ப் பெண்கள் மினிபஸ் பிடித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு போய்க் கோர்ட்டு வராந்தா நிறைய உட்காருகிறார்கள். டவாலிக்காரர் வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை உரக்கக் கூப்பிடவேண்டும், அது அங்கே வழக்கம். பொன்னுருவி, சீரங்காயி, மருதாயி என்று அவர் தொண்டை கட்டும்வரை கூப்பிட, "இருக்கா!" என்று வராந்தா பதில் சொல்லும். பக்கத்துக் கோர்ட்டில் வாதம் நின்றுவிடும். கடைசிப்பக்கம் வந்ததும் அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "அழகம்மை!" என்று ஆரம்பிப்பார். முதல் தடவையிலேயே அவளுக்குத் தெளிவாகக் கேட்டுவிடும். எழமாட்டாள். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது தடவையும் அவர் கூப்பிட்டு முடித்தபிறகுதான் எழுந்து நின்று புடவையை நீவிவிட்டுக்கொண்டு, "இருக்கேன்" என்பாள்.